பூஜைக்கு வைத்த ஆறு பெட்டி

வருகைப் பதிவேட்டில் உலகம்மையின் பெயருக்கு நேரே ‘டெலிபோன் ஆபரேட்டர்’ என்றுதான் போட்டிருக்கும். பத்தொன்பது வருஷமாக அதே பட்டம். செய்கிற வேலை என்னவோ வேறு. பில் அடிப்பது அவள். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது அவள். மலைப் பக்கம் வித்துராவில் உள்ள கம்பெனிக் கிடங்கில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பொன்முடி பஸ்ஸில் ஏறிப் போய், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதை எழுப்பிவிட்டு வருவதும் அவள்தான். கெட்டால் “உலகம்மை எங்கே?” என்பார்கள். ஓடினால் “நம்ம ஆபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டராக்கும்” என்பார்கள். நல்ல நியாயம்!

ஆபீஸ் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. மூகாம்பிகா ஏஜென்சீஸ். மலைத் தோட்டங்களுக்கு உரம், மருந்தடிக்கிற பம்பு, அதற்கு வேண்டிய வாஷர், வால்வு எல்லாம் விற்கிற கம்பெனி. முதலாளி திரவியம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கம்பெனியில் பாதி அவருடைய அக்காள் பகவதியம்மாளுடையது. அந்த அம்மாள் நாகர்கோவிலில் இருந்தபடியே மாதம் ஒருமுறை போன் பண்ணி, பத்து நிமிஷம் பேசி, தம்பியைப் பத்து நாளைக்கு ஒழுங்காகச் சாப்பிட விடாமல் செய்துவிடுவாள். அவள் மகன்தான் மகேஷ்குமார். எம்.பி.ஏ. படித்தானாம். எங்கே படித்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். மாமன் ஆபீசுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றைக்கே மேசையில் ‘பர்ச்சேஸ் மேனேஜர்’ என்று பலகை வைத்தாயிற்று. பத்தொன்பது வருஷக்காரிக்கு வயிறு எரியுமா எரியாதா?

உலகம்மையின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வந்தவர். அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்து முடித்து, தமிழை வீட்டில் படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸாகி, எண்பத்தைந்தில் இங்கே போன் எடுக்கச் சேர்ந்தாள். தொண்ணூற்று ஐந்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதன் மேல் துணி போட்டு மூடி, பக்கத்தில் செருப்போடு போகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தொடுவதற்கு ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. உலகம்மை தம்பானூரில் ஒரு மாடியில் நடந்த சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். முப்பத்துநாலு வயசு. கூடப் படித்ததெல்லாம் மீசை முளைக்காத காலேஜ் பிள்ளைகள். அதுகள் சிரித்தன. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஆறு மாதம் படித்தாள். அன்றிலிருந்து அந்தத் துணியை எடுப்பதும் மூடுவதும் அவள் பொறுப்பாயிற்று. பட்டம் மட்டும் போனோடு நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆபீசுக்கு சர்வர் வந்தது. எல்லாக் கணக்கும் சரக்கு விவரமும் இருக்கிற பெரிய பெட்டி. தன் பட்டியலில் பெயர் பதிந்த கம்ப்யூட்டரைத்தான் அது தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்து உள்ளே விடும். அந்தப் பட்டியலுக்கு டொமைன் என்று பெயர். பழைய கம்ப்யூட்டர்கள் அதற்கு ஈடுகொடுக்காது என்பதால் புதிதாக ஆறு வாங்க முடிவாயிற்று. முதலாளி உலகம்மையைக் கூப்பிட்டார்.

“உலகம்மே, சரஸ்வதி பூஜை எடுக்கிற அன்னைக்கு ஆறு பெட்டியும் சர்வரோட சேந்து ஓடணும். ஓடிச்சுன்னா அன்னைக்கே ஒனக்கு சிஸ்டம் ஆபீசர் ஆர்டர். பேச்சு மாறமாட்டேன், பாத்துக்கோ.”

சொன்னதோடு விடவில்லை. ஆர்டரை அப்போதே வாய்விட்டுச் சொல்ல, அவளே டைப் அடித்தாள். ‘திருமதி உலகம்மை அவர்கள் சிஸ்டம் ஆபீசராக நியமிக்கப்படுகிறார்.’ அடிக்கிறபோது விரல் இரண்டு இடத்தில் தவறிற்று. இருபது வருஷம் தட்டச்சு அடித்த விரல்! முதலாளி அதை வாங்கிக் கையெழுத்துப் போடாமல் டிராயரில் வைத்துக்கொண்டார்.

அவள் வீடு வலியசாலைத் தெருவுக்குப் பின்புறம். புருஷன் வேல்சாமி ஒரு ஓட்டலில் கல்லாவில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

“ஆபீசரம்மாவுக்கு சாயா வேணுமா, காப்பி வேணுமா?”

“சும்மா கெடங்க. கையெழுத்து விழட்டும் முதல்ல.”

“விழாம என்ன? ஒன்னை விட்டா அங்க எவனுக்குத் தெரியும்?”

அதுதான் அவளும் நினைத்தாள். பைத்தியக்காரத்தனம்.

என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் உலகம்மைதான். ஒரே மாதிரி கம்ப்யூட்டரில் இரண்டு ஜாதி உண்டு. ஹோம் எடிஷன் வீட்டில் வைத்துப் படம் பார்க்க, பிள்ளைகள் விளையாட. புரொபஷனல் ஆபீசுக்கு. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஹோம் எடிஷன் தலைகீழாக நின்றாலும் டொமைனில் சேராது. சேர்வதற்கான வழியையே அதில் வைக்கவில்லை. அதனால் ‘புரொபஷனல் மட்டும், ஹோம் எடிஷன் வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் அடித்து, கீழே இரண்டு கோடு போட்டு, ஒரு பிரதியை மகேஷ்குமாரிடம் கொடுத்தாள். இன்னொன்றில் அவனுடைய கையெழுத்தை வாங்கி ஃபைலில் வைத்தாள். அவன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே போட்டான். வாசித்தானா? எங்கே வாசித்தான்!

கடையில் நவராத்திரி சலுகை. ஆறு ஹோம் எடிஷன் எடுத்தால் ஒரு டிஜிட்டல் கேமரா இலவசம். அது போதாதா பர்ச்சேஸ் மேனேஜருக்கு? புதன்கிழமை பணத்தைக் கட்டிவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பெட்டிகள் மறுநாள் வரும் என்றான்.

மறுநாள் அஷ்டமி. திருவனந்தபுரத்தில் அன்றைக்குச் சாயங்காலம் பூஜை வைத்துவிட்டால் தசமி காலையில் எடுக்கிறவரை எவனும் புத்தகத்தைத் தொடமாட்டான், பேனாவைத் தொடமாட்டான். சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூகாம்பிகா ஏஜென்சீஸில் அது இன்னும் கடுமை. முதலாளியின் அறைக்குப் பக்கத்தில் சரஸ்வதி படம் வைத்து, பேரேடு, ஸ்டாம்ப் பேட், பம்பு ரிப்பேர் செய்கிற ஸ்பேனர் வரைக்கும் அடுக்கிவிடுவார்கள். உலகம்மையும் தன் பங்குக்கு ஸ்க்ரூ டிரைவரையும், கேபிள் முனை பொருத்துகிற குறட்டையும் மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

நாலரை மணிக்குப் பெட்டிகள் மாடியேறின. அந்த நேரம் பார்த்து வித்துராவிலிருந்து போன். ஒரு தோட்டத்து மேனேஜர், பம்பு வரவில்லை என்று அரை மணி நேரம் கத்தினார். டெலிபோன் போர்டை விட்டு எழுந்திருக்க முடியாது. டெலிபோன் ஆபரேட்டர் அல்லவா! கத்தி முடித்து அவர் வைத்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஆறு பெட்டியும் சரஸ்வதிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. விளக்கு எரிகிறது. முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று விரல் அகலத்துக்குப் பூசிக்கொண்டிருக்கிறார். மகேஷ்குமார் கேமராவில் படம் பிடிக்கிறான். நாலாவது பெட்டியில் சந்தனத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது எழுத்து. ஹோம் எடிஷன்.

உலகம்மை ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“முதலாளி, ஒரு நிமிஷம். இது ஹோம் எடிஷன். நாம கேட்டது இதில்ல. இது சர்வர்ல சேராது. கடை எட்டு மணி வரை உண்டு. இப்பமே திருப்பி அனுப்பிருவோம்.”

முதலாளி கிண்ணத்தோடு திரும்பினார். மகேஷ்குமார் கேமராவை இறக்கவில்லை.

“ஆன்ட்டி, எல்லாம் ஒண்ணுதானே. ஹோமுன்னா வீட்டுலயும் யூஸ் பண்ணலாம், ஆபீஸ்லயும் யூஸ் பண்ணலாம். அவ்வளவுதான். ஒரு கொழப்பமும் இல்ல.”

“தம்பி, நான் எழுதித் தந்ததை வாசிச்சீங்களா?”

“வாசிக்காம பின்னே? கம்பெனிக்கு லாபம் பாக்கண்டாமா?”

லாபம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார்.

“வெச்சாச்சு உலகம்மே. வெளக்கும் கொளுத்தியாச்சு. அம்மை முன்னால வெச்சதைத் தூக்கிட்டுப் போயி கடைக்காரன்கிட்ட மாத்தச் சொல்லுதியா? ஒனக்கே தெரியாதா இதெல்லாம்?”

தெரியும். தெரிந்ததுதான் கோளாறு. அவளும் சின்ன வயசிலிருந்து பூஜையில் வைத்த புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்தவள்தான். ஒருமுறை நவமியன்று எதையோ கிறுக்கியதற்கு அம்மாவிடம் புறங்கையில் வாங்கிய சூடு இன்னும் நினைவிருக்கிறது. ‘தள்ளுங்க’ என்று சொல்லி ஒரு பெட்டியைத் தூக்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கை வரவில்லை. கையைக் கூப்பினாள்! பிற்பாடு எத்தனையோ நாள் அந்த நிமிஷத்தை நினைத்துத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். எல்லாரும் கும்பிட்டார்கள், அவலும் பொரியும் தின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை நவமி. விடுமுறை. பெட்டிகளோடு கடைக்காரன் கொடுத்தனுப்பிய பில்லின் நகல் அவளுடைய பையில் இருந்தது. அதைப் பிரித்து வாசித்தாள். வாங்கிய நாள் சேர்த்து மூன்று நாளைக்குள், பெட்டியைத் திறக்காமல் கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவார்களாம். புதன், வியாழன், வெள்ளி. இன்றைக்குத்தான் கடைசி. தெருமுனை பூத்துக்குப் போய்க் கடைக்குப் போன் பண்ணினாள். “இன்னைக்கு ராத்திரி வரை கொண்டு வரலாம். நாளைக்கு வந்தா முடியாது கேட்டோ” என்றான் அவன். உடனே முதலாளி வீட்டுக்குப் போட்டாள்.

“நாளைக்குப் பூஜை எடுத்த ஒடனே முத ஜோலி அதுதான்” என்றார் முதலாளி.

“நாளைக்கு நேரம் கழிஞ்சிரும் முதலாளி. இன்னைக்குத்தான் கடைசி.”

“நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கெடந்து பதறாதே. அம்மை பாத்துக்கிடுவா.”

போனை வைத்துவிட்டார். சரஸ்வதிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், கடைக்காரனிடம் போய் நின்று பேரம் பேச! உலகம்மைக்கு வந்த எரிச்சலில் அன்றைக்குச் சமைத்த சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். வேல்சாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அதற்கும் எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை தசமி. காலையில் பூஜையை எடுத்து, தட்டில் பச்சரிசி பரப்பி, முதலாளி முதற்கொண்டு எல்லாரும் சுட்டுவிரலால் ஹரிஸ்ரீ எழுதினார்கள். மகேஷ்குமார் எழுதுகிற கையைத் தானே படம் பிடித்துக்கொண்டான். பிறகு, கடையை ஒரு வார்த்தை கேட்போம் என்று உலகம்மை சொல்லி வாய் மூடுவதற்குள், முதல் பெட்டியை அவன் கத்தியால் கீறிவிட்டான். “ஓப்பன் பண்ணினாத்தானே ஐஸ்வர்யம்!” அதோடு போயிற்று எல்லாம்.

திறந்தது திறந்தாயிற்று. மேசையில் வைத்து மாட்டினாள். முதலாளி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். கம்ப்யூட்டர் பெயரை மாற்றுகிற இடத்தை உலகம்மை திறந்தாள். புரொபஷனலாக இருந்தால் அங்கே இரண்டு வழி காட்டும், டொமைன் ஒன்று, வொர்க்குரூப் ஒன்று. இதில் வொர்க்குரூப் மட்டும் இருந்தது. டொமைன் என்ற சொல்லே இல்லை.

“பாத்தீங்களா முதலாளி. சேருகதுக்கு வழியே கெடையாது.”

முதலாளி திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். தெரியாமல் எதையோ கெடுத்துவிட்ட வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை. மகேஷ்குமார் உடனே புகுந்தான்.

“ஆன்ட்டிக்கு பழைய வெர்ஷன்தான் தெரியும் மாமா. இது புதுசாக்கும். என் ஃப்ரண்ட் டெக்னோபார்க்ல இருக்கான். அவனை விளிக்கேன். அஞ்சு மினிட் கேஸ்.”

பின்னால் நின்ற எட்டுப் பேரும் ‘அதுதான் சரி’ என்பது போலத் தலையை ஆட்டினார்கள். அந்த எட்டுப் பேரில் நாலு பேருக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே உலகம்மைதான். சீ, என்ன ஜென்மங்கள்!

மதியத்துக்கு அந்த ஃப்ரண்ட், செல்வகணேஷ், வந்தான். பைக்கில் வந்து, தலையைச் சீவி, கொண்டுவந்த குளிர்பானத்தைக் குடித்து, உட்கார்ந்தான். நல்ல பையன்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“டேய் மகேஷே, இது ஹோம் எடிஷனாக்கும். இது டொமைன்ல கேறாதுடா. யாருடா வாங்கினது இதை?”

முதலாளி மெதுவாக, “அப்பம் அது நேருதான்” என்றார். எட்டுப் பேரும் “நேருதான்” என்றார்கள். வியாழக்கிழமை உலகம்மை சொன்னபோது பொய். வெள்ளிக்கிழமை சொன்னபோது பதற்றம். சனிக்கிழமை பைக்கில் வந்தவன் சொன்னதும் நேரான உண்மையாகிவிட்டது! அதிலும் கொடுமை, முதலாளி அவள் பக்கம் திரும்பி ஒன்று கேட்டார்.

“இதை நீ முதல்லயே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கப்படாதா?”

வாயைத் திறந்தால் பத்தொன்பது வருஷமும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று உலகம்மை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைக்காரன் சந்தனம் பூசிய பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தே அனுப்பிவிட்டான். செல்வகணேஷ் தன்னிடம் ஒரு புரொபஷனல் சிடி இருப்பதாகத் தொடங்கினான். கள்ள சிடி என்று தெரிந்ததும் முதலாளி போலீஸுக்குப் பயந்து வேண்டாம் என்றார். கடைசியில் யார் தலையில் விழுந்தது? அவள் தலையில்தான்.

உலகம்மை சாயங்காலம் வரை நிமிராமல் வேலை செய்தாள். டொமைனில் சேர்க்க முடியாவிட்டாலும், ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சர்வரில் உள்ள விவரத்தை மட்டும் எட்டி எடுக்க ஒரு வழி உண்டு. வாசல் வழியே விடாத வீட்டில் ஜன்னல் வழியே கை நீட்டி வாங்குகிற மாதிரி. ஆறிலும் அதைச் செய்து ஓட்டிக் காட்டினாள்.

“ஓடுது முதலாளி. ஆனா ரெண்டு காரியம் நல்லா கேட்டுக்கிடுங்க. ஒண்ணு, ஹோம் எடிஷன் பாஸ்வேர்டை வெச்சுக்கிடாது. தெனமும் காலைல அடிக்கணும். ரெண்டு, மாசம் ஒருக்க சர்வர் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லும். இந்தப் பெட்டில இருந்து மாத்த முடியாது. தெரிஞ்ச ஆளு சர்வர்ல உக்காந்து மாத்தணும். இல்லேன்னா ஆறும் நின்னு போவும்.”

“ஓடுதுல்லா? அது போதும். திங்கக்கெழம வா, பேசுவோம்.”

ஓடுதுல்லா என்று அவரே சொல்லிவிட்டார். பேச்சுப்படி பார்த்தால் கையெழுத்து விழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. எவ்வளவு அவமானப்பட்டாலும் இந்த ஆசை மட்டும் சாகமாட்டேன் என்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு நல்ல புடவையாக எடுத்து இஸ்திரி போட்டாள்.

திங்கட்கிழமை முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று அவள் அடித்த ஆர்டர். அதன் மேல் மூடி திறந்த பேனா. இன்னொன்று புதிது. மகேஷ்குமார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

விஷயம் இதுதான். புரொபஷனலாக மாற்றுவதற்கு இன்னும் பணம் வேண்டும் என்று அம்மாவிடம் உளறி வைத்திருக்கிறான். பகவதியம்மாள் விடுவாளா? யார் தப்பு, எழுத்தில் வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அந்தக் காகிதம்தான் இது. உலகம்மை எடுத்து வாசித்தாள்.

‘புதிய கம்ப்யூட்டர்கள் வாங்குவதற்கான குறிப்பில் ஹோம் எடிஷன் என்று நான்தான் தவறாக எழுதிக் கொடுத்தேன். பர்ச்சேஸ் மேனேஜருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை.’

அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, ‘உலகம்மை, சிஸ்டம் ஆபீசர்’ என்று அடித்திருந்தது.

பத்தொன்பது வருஷத்தில் தன் பெயரையும் அந்தப் பட்டத்தையும் அவள் சேர்த்து வாசித்தது, டிராயரில் கிடந்த அந்த ஆர்டரைத் தவிர, இங்கேதான். ஒரு பச்சைப் பொய்க்குக் கீழே!

“நீ அதுல போடு. நான் இதுல போடுதேன்” என்றார் முதலாளி. “ரெண்டும் முடிஞ்சுது. நல்லதா போச்சு.”

“முதலாளி, நான் எழுதினது ஃபைல்ல இருக்கு. புரொபஷனல்னு. கீழ கோடு போட்டிருக்கேன். தம்பி கையெழுத்தும் இருக்கு.”

“எனக்குத் தெரியாதா? அக்கா என்ன ஃபைலைப் பாக்கவா வரப்போறா? பய சின்னப் பய. நாளைக்குப் பொண்ணு பாக்கணும், கல்யாணம் ஆகணும். பேரு கெட்டுப் போயிரும்லா.”

“அப்பம் எம் பேரு?”

முதலாளி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். கெட்ட மனுஷன் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பு.

“ஒம் பேரு அங்க யாருக்கு உலகம்மே தெரியும்?”

ஜன்னலுக்குக் கீழே பஸ்காரன் ஆற்றிங்கல் ஆற்றிங்கல் என்று கூவிக்கொண்டிருந்தான். உலகம்மை காகிதத்தை மேசையில் வைத்தாள். பேனா ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், நினைத்தாள். நினைத்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“வேண்டாம் முதலாளி.”

“எது வேண்டாம்?”

“ரெண்டும்.”

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே மகேஷ்குமார் பர்ச்சேஸ் மேனேஜரோடு சிஸ்டம் ஆபீசரும் ஆனான். பகவதியம்மாளுக்கு என்ன எழுதினார்களோ, எப்படிச் சமாளித்தார்களோ, உலகம்மை கேட்கவில்லை. அந்த ஆர்டரையும் அவள்தான் டைப் அடித்தாள். வேறு யாருக்கு அடிக்கத் தெரியும்? இந்த முறை ஒரு பிழை இல்லை. சர்வரைப் பற்றிய எல்லா விவரத்தையும் நாலு பக்கத்தில் கைப்பட எழுதினாள். மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை எப்படி மாற்ற வேண்டும் என்பது மூன்றாம் பக்கம், படம் போட்டு. பெற்றுக்கொண்டேன் என்று அவனிடம் கையெழுத்து வாங்கினாள். அப்போதும் அவன் போனில் சிரித்துக்கொண்டுதான் போட்டான். பிறகு மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ள டெலிபோன் போர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வேல்சாமி வேலையை விட்டுவிடு என்றான். விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். விடவில்லை.

முப்பது நாள் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு போர்டில் விளக்கு எரிந்தது. பில்லிங்கிலிருந்து.

“அக்கா, பாஸ்வேர்டு செல்லாதுன்னு வருதே?”

“சிஸ்டம் ஆபீசருக்குத் தாறேன். லைன்ல நில்லுங்க.”

அடுத்தது ஸ்டோர். அதற்கடுத்தது டெஸ்பாட்ச். பத்து நிமிஷத்தில் ஆறு பேரும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு பேரையும் மரியாதையாக மகேஷ்குமாருக்குத் திருப்பினாள். பிறகு அவனே கூப்பிட்டான். குரலில் சிரிப்பைக் காணோம்.

“ஆன்ட்டி, ஒருக்க இங்க வரணும். ஆறும் நின்னு போச்சு. வித்துராவுல லோடு நிக்கி.”

“நாலு பக்கம் எழுதித் தந்தேனே தம்பி. மூணாவது பக்கம்.”

“அது எங்க வெச்சேன்னு தெரியல ஆன்ட்டி. ப்ளீஸ்.”

உலகம்மை பதில் சொல்வதற்குள் இன்னொரு விளக்கு எரிந்தது. முதலாளியின் அறை. அவள் அதை எடுத்தாள்.

“உலகம்மே, கேளு. இந்தப் பயலுக்கு ஒரு மண்ணும் தெரியல. நீ வந்து சரியாக்கித் தா. அந்த ஆர்டரை மாத்தி ஒம் பேருக்கே போட்டிருதேன். இந்தா, டிராயர்லதான் இருக்கு பழசு. இப்பமே கையெழுத்துப் போடுதேன். வேற ஒரு பேப்பரும் வேண்டாம். வா.”

இதோ வந்துவிட்டது. கேட்டது, ஆசைப்பட்டது, இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றது, எல்லாம் இதற்குத்தான். சந்தோஷமாவது வருகிறதா என்று உலகம்மை தன் மனசைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஊரார் தின்று மிஞ்சிய இலையில், இனி நீ உட்காரலாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அந்தப் பட்டத்தை நினைத்தாலே வாய் கசந்தது.

“முதலாளி, நான் டெலிபோன் ஆபரேட்டர். ரிஜிஸ்டர்ல பாருங்க. சர்வரைத் தொட எனக்கு அதிகாரம் இல்ல.”

“ஏ உலகம்மே, கோவத்துல பேசாதே...”

“கோவம் ஒண்ணும் இல்ல முதலாளி. சிஸ்டம் ஆபீசர் அடுத்த லைன்ல இருக்காரு. தாறேன், பேசுங்க.”

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, மாமனையும் மருமகனையும் ஒருவரோடு ஒருவர் பேசவிட்டு, ரிசீவரை வைத்தாள். வித்துராவிலிருந்து அடுத்த அழைப்பு வந்துகொண்டிருந்தது. எடுத்தாள்.

“மூகாம்பிகா ஏஜென்சீஸ். வணக்கம். யாருகிட்ட பேசணும்?”